நங்கூரமிட்ட கலங்கள்

கடலை வரையச் சொன்னால் கற்பனையாளர் பலர் புயலைத் தேடுவர். மலையென எழும் அலை, முறிந்து விழும் பாய்மரம், வானை நோக்கிக் கூப்பிய கைகள் – இவை இருந்தால்தான் கடலோவியம் என்பர். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டெ வெல்டெயோ, துறையில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைத் தாள் தாளாக வரைந்தார். அலை இல்லை, ஆரவாரம் இல்லை, அற்புதம் ஏதுமில்லை! ஆயினும் கண் அகல மறுக்கிறது. ஏன்?

கேள்விப்பட்டதை அல்ல, கண்டதைத் தீட்டினார், அதனால்! 1611-இல் லைடன் நகரில் பிறந்த அவர், சிறு கலமேறிக் கப்பற்படையுடன் சென்றார். 1653-இல் ஸ்கேவெனிங்கன் போரையும், 1666-இல் நான்கு நாள் போரையும், பீரங்கிகள் முழங்கிய கடலிலேயே இருந்து வரைந்தார். போரைக் கண்ட அதே கண்தான் அமைதியையும் கண்டது.

பெரும்பாலும் கரிக்கோலால் இட்ட கோடு. அதன்மேல் நீர்த்த சாம்பல் நிறப் பூச்சு. தாழ்ந்த அடிவானம், மேலே வெற்று வானம். காற்று ஓய்ந்ததென்று எழுதிக் காட்டவேண்டியதில்லை. கொடி துவண்டு தொங்குகிறது. உலர்த்துவதற்காக அவிழ்த்த பாய் தளர்ந்து கிடக்கிறது. கப்பலின் பின்புறச் செதுக்கு வேலையை அவர் அத்துணைத் துல்லியமாகப் பதித்ததால், பல படங்களில் அது இன்ன கப்பலென்று ஆய்வாளர் இன்றும் பெயர் கூற முடிகிறது. "நம்பு" என்று மிரட்டாமல், "சரிபார்த்துக்கொள்" என்று அழைக்கும் கலை இது!

இங்கே நிறுத்திக்கொண்டால் நாம் பாராட்டாளர், திறனாய்வாளர் ஆகோம். 1672-இல் போர் டச்சு நாட்டைச் சூழ்ந்தது. ஓவிய வாணிபம் சரிந்தது. தந்தையும் மகனும் இங்கிலாந்து சென்றனர் – எந்தப் படையுடன் தம் நாட்டார் பொருதனரோ, அந்தப் படையின் மன்னனிடமே! 1674-இல் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் வகுத்தான்: கடற்போரை வரையத் தந்தைக்கு, அதற்கு வண்ணம் தீட்ட மகனுக்கு. பசிக்குப் போனவரைப் பழிக்க மாட்டோம். ஆனால் ஊதியம் தருபவன் எதைப் பார்க்க விரும்பினான் என்று கேட்காமலும் இருக்க மாட்டோம்.

அவன் விரும்பியது கப்பலை, கப்பலோட்டியை அல்ல. கயிறுகளைக் காட்டிய கோல், கயிறு இழுத்தவன் முகத்தைக் காட்டவில்லை. தளத்தில் அவன் வெறும் புள்ளி! அவர் வரைந்தவற்றில் போர்க்கலங்களே மிகுதி. அவை காத்த வாணிபமோ நம் கரைவரை நீண்டது. 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அக்கம்பெனி துணியை ஏற்றிற்று. அடிமைகளாக்கப்பட்ட மனிதரையும் ஏற்றிற்று. படத்தில் செதுக்குச் சிற்பம் தெரிகிறது. கப்பலின் வயிற்றில் இருந்தது தெரிவதில்லை.

தந்தை, மகன் இருவரின் வரைவுகள் ஆயிரத்துக்கு மேல் இன்று கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை ஒதுக்குவது அறிவுடைமை அன்று. வியந்து வாய் மூடுவதும் அன்று. கண்டதைக் கண்டபடி வரையும் நேர்மையை அவரிடம் கற்போம். அந்நேர்மையோடு, அவர் காணாமல் விட்ட முகங்களை வரைவது இனிவரும் கோலின் கடன்.