குறுக்கு விசாரணையின் நிதானம்

வருசநாட்டு மலையடிவாரத்தில் கஞ்சா பிடிபட்டதாகப் பதிவாகும் வழக்கு மதுரையிலுள்ள போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்துக்கு வரும்போது, எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், 20 கிலோவுக்கு மேல் வைத்திருந்ததாக மெய்ப்பிக்கப்பட்டால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்பதால், அவருடைய வழக்கறிஞரின் வேலை வாதத்தில் அன்று, ஓரம் நைந்த வழக்குக் கட்டில்தான் தொடங்குகிறது. பொருளைக் கைப்பற்றிய இடத்திலேயே சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் மகசரின் மீது விரல் வரிவரியாக நகர்ந்து, காவல் நிலையத்துக்குத் திரும்பிய பிறகே பதிவான வழக்கின் குற்ற எண், மலையில் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தத் தாளின் தலைப்பில் அதே மையில் இருப்பதைக் கண்டு நிற்கும் அந்தக் கணம் அழகானது.

அரசுத் தரப்புச் சாட்சியின் சொல்லை எதிர்த்தரப்பு சோதிக்கும் குறுக்கு விசாரணையில் தேர்ந்தவரின் குரல் உயர்வதில்லை. தட்டச்சு ஓசை அடங்கும்வரை காத்திருந்து, ‘எத்தனை மணிக்கு எழுதினீர்கள்?’ என்று மெல்லக் கேட்டு, பதில் பதிவானதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அமர்கிறார். அமரத் தெரிவதுதான் இத்தொழிலில் மிக அரிய திறன். தமக்காக இப்படிக் கேட்க ஒருவர் இல்லாமல் சிறையிலிருக்கும் எதிரி எவருக்கும், அவர் விண்ணப்பித்தால், சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது.