குற்ற நூலின் குற்றங்கள்

நூலுக்கு இருக்கலாகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார் நன்னூல் தந்த பவணந்தியார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல். பொருந்தாத சொல்லைப் புகுத்துவது வழூஉச்சொல் புணர்த்தல். இதுவோ அதுவோ என்று படிப்பவனைத் திகைக்க விடுவது மயங்க வைத்தல். சொற்கள் நிரம்பி நின்றும் பயன் விளையாமற் போவது நின்று பயன் இன்மை. புலவர்தம் ஏடுகளை நிறுக்க எழுந்த இந்தத் தராசிலே, புலவர் எவரும் பாடாத ஒரு நூலை இன்று நாம் நிறுத்துப் பார்க்கிறோம். நூலின் பெயர், 'இந்தியாவில் குற்றங்கள்'. வெளியிடுவது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 1953ஆம் ஆண்டின் கணக்கிலே தொடங்கிய தொடர் இது. காப்பகம் பிறந்ததோ 1986இல். ஆசிரியருக்கு முன்பே பிறந்துவிட்ட அதிசய நூல்!

"அட்டவணைதானே! அதற்கு என்ன திறனாய்வு?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கதை பொய்த்தால் படித்தவனுக்கு ஒரு மாலைப்பொழுது நட்டம், அவ்வளவே. கணக்கு பொய்த்தாலோ, காவல் வேண்டிய தெருவுக்குக் காவல் வராது. தனி நீதிமன்றம் வேண்டிய மாவட்டத்துக்கு அது வராது. சட்டமன்றத்திலே எழும் கேள்விக்கு, "அப்படி எதுவும் பதிவாகவில்லை" என்ற இரண்டு வரி விடை வரும். கதையைவிடக் கணக்கைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும்.

அந்தக் கணக்கிலும், வெறுப்புக் குற்றங்கள் எழுதப்படும் முறை ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். வெறுப்புக் குற்றம் என்பது யாது? இன்ன சாதியில் பிறந்தான், இன்ன மதத்தைச் சார்ந்தான், இன்ன மொழியைப் பேசினான் என்பதற்காகவே ஒருவனை அடிப்பதும் கொல்வதும் அவன் குடிசையைக் கொளுத்துவதும். பொருளுக்காகக் கொல்பவன் ஒருவனைக் கொல்கிறான். பிறப்புக்காகக் கொல்பவன், ஒருவனைக் கொன்று ஒரு சேரிக்கே எச்சரிக்கை விடுகிறான். ஆகவே இந்தக் குற்றத்திலே நோக்கமே உயிர். நோக்கத்தை எழுதாமல் விட்டால் பிணம் மட்டுமே பதிவாகும், குற்றம் பதிவாகாது.

முதல் குற்றம், குன்றக் கூறல். 2022ஆம் ஆண்டு நாட்டிலே பதிவான கொலை வழக்குகள் 28,522 என்கிறது நூல். என்ன காரணத்தால் நடந்தன என்று பிரித்தும் காட்டுகிறது. 'தகராறு' என்ற கட்டத்திலே 9,962. 'சொந்தப் பகை' என்ற கட்டத்திலே 3,761. சாதிக்கும் கட்டம் உண்டு, மதப் பகைக்கும் உண்டு. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை எத்தனை, 'தகராறு' என்ற பெருங்குளத்திலே மூழ்கிக் கிடக்கின்றன? நூல் சொல்லாது. சொல்லவும் அதனால் ஆகாது. ஏனெனில் நூல் டில்லியிலே எழுதப்படுவதில்லை. அதன் முதல் வரி, ஊர்க் காவல் நிலையத்தின் மேசையிலே, முதல் தகவல் அறிக்கையிலே எழுதப்படுகிறது.

அந்த அறிக்கைகளின் நடையை நாடறியும். 'முன்விரோதம் காரணமாக', 'வாய்த்தகராறு முற்றி', 'காதல் விவகாரத்தில்', 'இரு பிரிவினரிடையே ஏற்பட்ட மோதலில்'. தெருவழியே செருப்பணிந்து நடந்தவனை அடித்தால் அது வாய்த்தகராறு. திருவிழாவிலே சம உரிமை கேட்டவனை வெட்டினால் அது முன்விரோதம். முன்விரோதமாம்! எவ்வளவு முன்? அவன் பிறப்பதற்கும் முன்! அவன் பாட்டன் பிறப்பதற்கும் முன்! அந்த விரோதத்துக்கு ஒரு பெயர் உண்டு: சாதி. அந்தப் பெயரை எழுதத்தான் பேனா கூசுகிறது.

ஏன் கூசுகிறது? எழுதுபவனின் உள்ளத்திலே உறையும் சாதிப் பற்று ஒரு காரணம். வேலைச் சுமை மற்றொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி பதிந்துவிட்டால், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்யவேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தரவேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் போய்ச் சேரவேண்டும். 'தகராறு' என்று எழுதிவிட்டாலோ இத்தனையும் மிச்சம்! ஒரே சொல்லிலே சாதியையும் மறைக்கலாம், சுமையையும் குறைக்கலாம்.

கீழவெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்திலே, ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 உயிர்கள் எரிந்து கரியாயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயிகளின் இரு தரப்பாரிடையே மோதல் என்று அதை எழுதிய ஏடுகள் அன்று உண்டு. கூலிப் போராட்டம் நடந்தது மெய்தான். ஆயினும் எரிந்தவர் எந்தத் தெருவினர்? ஏன் அந்தத் தெரு மட்டும் எரிந்தது? 'மோதல்' என்ற சொல்லுக்குள் அந்தக் கேள்விக்கு இடமில்லை. 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. குடிசை எரிந்த சாம்பல் காற்றோடு போயிற்று. மழுப்பிய சொல் மட்டும் ஏட்டிலே நின்றது.

இரண்டாம் குற்றம், வழூஉச்சொல் புணர்த்தல். மகள் வேறு சாதியில் மணந்தாள் என்று அவளையோ அவள் காதலனையோ கொன்றால், நூல் அதற்கு இட்ட பெயர் 'கௌரவக் கொலை'. கொலையிலே என்ன கௌரவம்? கொன்றவன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டத்தை அரசின் ஏடு அப்படியே எடுத்து எழுதலாமா? தமிழ்நாட்டுப் பொதுமக்கள் 'ஆணவக் கொலை' என்று அதைத் திருத்தி வழங்குகிறார்கள். புலமை இருப்பது காப்பகத்திலா, தெருவிலா?

அந்தக் கட்டமே 2014இல்தான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நாடு முழுதும் 28. அடுத்த ஆண்டு அது ஆறு மடங்குக்கு மேல் ஏறிற்று. ஓராண்டுக்குள் தந்தையரும் தமையன்மாரும் திடீரென்று ஆறு மடங்கு கொடியவர் ஆனார்களா? இல்லை. கட்டம் ஒன்று இருப்பது காவல் நிலையங்களுக்குத் தெரிய வந்தது, அவ்வளவே. கட்டம் இல்லாத காலத்திலே அந்தப் பெண்கள் எந்தக் கட்டத்திலே கிடந்தார்கள்? 'காதல் விவகாரம்', 'தற்கொலை', 'வயிற்றுவலி' — சாதி செய்த கொலைக்கு வயிற்றின்மேல் பழி!

மூன்றாவது, மயங்க வைத்தல். 2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான வழக்குகள் 57,582. முந்திய ஆண்டு 50,900. கொடுமை பெருகிற்றா, பதிவு பெருகிற்றா? எண்ணிக்கை ஏறியதாலேயே குற்றம் ஏறியதாகக் கொள்ளற்க என்று நூலே முன்னுரையில் எச்சரிக்கிறது. எச்சரிக்கை சரி; ஆனால் எப்படித்தான் கொள்வது என்பதற்கு வழி காட்டவில்லை. ஒரு வழக்கிலே பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையானது ஒன்றையே எண்ணுவது அதன் விதி. ஆகவே கொலையோடு கலந்த வேறு கொடுமைகள் கணக்கிலிருந்து கழன்று விழுகின்றன.

இன்னொரு மயக்கம், கேடு விளைப்பது. புலனாய்வின் முடிவில் 'பொய் வழக்கு' என்று மூடப்பட்டவற்றுக்கு ஒரு கட்டம். 'மெய்ம்மைப் பிழை, சட்டப் பிழை அல்லது உரிமையியல் தகராறு' என்று மூடப்பட்டவற்றுக்கு மற்றொரு கட்டம். இரண்டும் வேறு வேறு. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தைச் சாடுவோர் இரண்டையும் கூட்டி, "பாருங்கள், எத்தனை பொய் வழக்குகள்!" என்று மேடையிலே முழங்குகிறார்கள். பிழை என்று முடிவு கட்டியது யார், எந்தச் சான்றைக் கண்டு என்பதை நூல் ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்த முழக்கம் எழுந்திராது.

இந்த மூன்றினும் பெரிது, எழுதியதை எழுதாதது போல் ஆக்கிய செயல். கும்பல் கொலை, வெறுப்புக் குற்றம், பசுக் காவலின் பெயரால் நடக்கும் தாக்குதல் ஆகியவற்றுக்கு 2017ஆம் ஆண்டுக்காகக் காப்பகம் கணக்கெடுத்தது. அந்த ஆண்டின் நூல் 2019 அக்டோபரில் வந்தபோது அந்தப் பக்கங்கள் இல்லை. 2021 டிசம்பரில் உள்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்திலே விளக்கம் தந்தார்: இந்தக் குற்றங்களுக்குச் சட்டத்தில் வரையறை இல்லை, ஆகவே கிடைத்த விவரம் நம்பத்தக்கதன்று, கணக்கெடுப்பு கைவிடப்பட்டது.

வரையறை இல்லையாம்! கும்பல் கொலைக்குத் தனிச் சட்டம் இயற்றுமாறு 2018 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரை செய்திருந்தது. வரையறை இல்லாவிட்டால் வரையறுப்பதன்றோ அரசின் வேலை? காய்ச்சலை அளக்கும் கருவி பழுதென்றால் வேறு கருவி தேடுவான் மருத்துவன். காய்ச்சலே இல்லை என்று எழுதமாட்டான். பசு இழுத்த ஆராய்ச்சி மணிக்கும் மன்னன் எழுந்து ஓடி வந்தான் என்று புராணம் பேசும் நாடு இது. அந்த நாட்டிலே, பசுவின் பெயரால் அடித்துக் கொல்லப்பட்ட மனிதனுக்கு அரசின் ஏட்டிலே ஒரு கட்டம் இல்லை!

இனி அந்தச் சாக்கும் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தின் 103(2)ஆம் பிரிவு, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, இனம், சாதி அல்லது சமூகம், பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்தால் செய்யும் கொலையைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. 'மதம்' என்ற சொல் அந்தப் பட்டியலிலே இல்லை. அதுவும் ஒரு குன்றக் கூறலே. ஆயினும் கொலைக்கு வரையறை வந்துவிட்டது. கணக்குக்கும் கட்டம் வந்தாக வேண்டும்.

நின்று பயன் இன்மைக்கு நெடிய சான்று வேண்டாம். 2023ஆம் ஆண்டின் நூல் 2025இல் வந்தது. நோயாளி இறந்த பின் வந்த மருந்துச் சீட்டு!

பிற நாடுகள் என்ன செய்தன? 1993 ஏப்ரலில் இலண்டனிலே, பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் வெள்ளையர் சிலரால் குத்திக் கொல்லப்பட்டான். காவல்துறை அந்த வழக்கைக் கோட்டைவிட்டது ஏன் என்று ஆராய்ந்த மக்ஃபர்சன் குழு, 1999இல் தன் அறிக்கையிலே ஒரு விதியைப் பரிந்துரைத்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறிச் செயல் என்று கருதினால், அதை இனவெறி நிகழ்வு என்றே பதிய வேண்டும். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. அங்கே வெறுப்பு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அது ஏட்டிலிருந்து ஓடி ஒளிவது கடினமாயிற்று.

அமெரிக்கா மறுபக்கப் பாடம். வெறுப்புக் குற்றங்களைக் கணக்கெடுக்க அங்கே 1990இலேயே சட்டம் வந்தது. ஆனால் ஊர்க் காவல்துறைகள் விரும்பினால் கணக்கு அனுப்பலாம், விரும்பாவிட்டால் விடலாம். விளைவு? 2004 முதல் 2015 வரை மத்தியப் புலனாய்வுத் துறையின் கணக்கு எந்த ஆண்டிலும் எட்டாயிரம் நிகழ்வுகளை எட்டவில்லை. அதே காலத்துக்கு, வீடுதோறும் சென்று மக்களையே கேட்ட அரசின் மற்றோர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரி இரண்டரை லட்சம் என்று மதிப்பிட்டது. 2017இல் சார்லட்ஸ்வில் நகரிலே நிறவெறியன் காரை ஏற்றிக் கொன்ற ஹெதர் ஹையரின் கொலை உலகறிந்தது. கொன்றவன் வெறுப்புக் குற்றங்களை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். ஆனால் அவ்வாண்டின் வெறுப்புக் குற்றக் கணக்கிலே அந்தக் கொலை இல்லை! அதன் பின்னரே, அவர் பெயரையும் தாங்கிய சட்டம் ஒன்று 2021இல் பிறந்தது.

இங்கே செய்ய வேண்டுவன இவை. முதலாவது, முதல் தகவல் அறிக்கையிலேயே காரணத்துக்கு மூன்று கட்டங்கள் வேண்டும்: பாதிக்கப்பட்டவர் கூறிய காரணம், புலனாய்வு கண்ட காரணம், நீதிமன்றம் ஏற்ற காரணம். ஒன்று மற்றொன்றை அழிக்கலாகாது. இரண்டாவது, நிலையந்தோறும் கணக்கு வெளிவர வேண்டும்; 'ஒன்றும் இல்லை' என்று எழுதும் நிலையம், ஏன் இல்லை என்று தணிக்கைக்கு விடை சொல்ல வேண்டும். மூன்றாவது, காவல்துறையைச் சாராத வல்லுநரைக்கொண்டு மக்களிடமே கேட்டறியும் ஆய்வு வேண்டும். நான்காவது, ஆண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் நூல் வரவேண்டும்.

"எவன் எதைச் சொன்னாலும் எழுதிவிடுவதா? குற்றமற்றவன் சிக்கமாட்டானா?" என்பது எதிர்வாதம். நேர்மையான கேள்விதான். ஆனால் பதிவு வேறு, தீர்ப்பு வேறு. பாதிக்கப்பட்டவர் சொன்னதை எழுதுவதாலே எவனும் சிறைக்குப் போவதில்லை; எழுதாமல் விடுவதாலே உண்மைதான் சிறைக்குப் போகிறது. மூன்று கட்டங்கள் கேட்பதும் இதற்காகவே. பொய் என்றால் அதுவும் காரணத்தோடு எழுதப்படட்டும்.

இளைஞர்களே! சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைது செய்தற்குரிய குற்றம் என்று புகாரிலே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதி நின்றுவிடாதீர்கள். சொல்லப்பட்ட வசையை, கேட்கப்பட்ட சாதியை, முன்பு விடப்பட்ட மிரட்டலை எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படியை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். வன்கொடுமைப் புகாரை ஏற்க மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அஞ்சலிலே அனுப்புங்கள்; 1995ஆம் ஆண்டு விதிகள் அந்த உரிமையைத் தருகின்றன. அந்த விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். கூடிற்றா என்று கேளுங்கள். என்ன பேசிற்று என்று கேளுங்கள்.

பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, கோவலன் பெயருக்கு நேரே 'கள்வன்' என்று எழுதி முடித்தது ஓர் அரண்மனை. அவன் மனைவி அவைக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகே அந்தப் பதிவு பிழை என்று தெரிந்தது; அதற்குள் கோவலன் வாளால் வெட்டுண்டு மாண்டுவிட்டான். ஒவ்வொரு சேரியிலிருந்தும் ஒரு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தால்தான் ஏடு திருந்தும் என்றால், அந்த ஏட்டுக்கு அரசாங்க முத்திரை எதற்கு? முதல் வரியை முதலிலேயே சரியாக எழுதுக என்பதே நம் கோரிக்கை. எழுத மறுத்தால், மறுத்தவர் பெயரையும் நாள் குறித்து எழுதிவைப்போம்.