அறைத்தோழர்கள் இல்லாத புத்தகங்கள்

சென்ற ஆண்டு ஓர் அலுவலகக் கூட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களிடம் மனவுறுதி பற்றிப் பேசச் சொன்னார்கள். 2009இல் துபாயில் எனக்கு வேலை போனதையும் நான்கு மாதங்களில் மீண்டதையும் சொன்னேன். விடிகாலை எழுந்து சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தது, தினமும் பத்து விண்ணப்பங்கள் அனுப்பியது, எத்தனை முறை மறுத்தாலும் சோராமல் இருந்தது என்று அடுக்கினேன். கைதட்டினார்கள். முடிந்த பிறகு ஒரு பெண் வந்து கேட்டாள்: “அந்த நாலு மாசம் எங்க சார் இருந்தீங்க? சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?”

“சத்வாவுல இருந்தேன்” என்று மட்டும் சொன்னேன். என் பேச்சில் சத்வாவே வரவில்லை என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அப்படிக் கதை சொல்ல நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று யோசித்தபோது எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நினைவுக்கு வந்தது. பிளஸ் டூ முடித்ததும் அப்பா வாங்கித் தந்த புத்தகம். இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போனபோதும் பிறகு துபாய்க்கு வந்தபோதும் பெட்டியில் அது இருந்தது. அதை மறுபடி படித்தேன். கூடவே பென்யாமினின் ‘ஆடுஜீவித’த்தையும் திருக்குறளின் சில அதிகாரங்களையும் எடுத்துக்கொண்டேன்.

‘எண்ணங்கள்’ நூலை எள்ளி நகையாடுவது இலக்கிய வாசகர்களுக்கு எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. பிறப்பும் சாதகமும் ஒருவனுடைய எதிர்காலத்தை எழுதி முடித்துவிட்டன என்று நம்பவைக்கப்பட்ட ஒரு சமூகத்தில், நீ நினைப்பதே உன் வாழ்க்கையை உருவாக்குகிறது என்று எளிய தமிழில் ஒருவர் சொன்னது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் இருந்து, தான் கண்டதைச் சொன்னவர் அவர். அந்த வகையில் இதுவும் ஒரு புலம்பெயர் எழுத்துதான். என் அப்பாவைப் போன்ற ஒரு குமாஸ்தா மகனை வெளிநாட்டுக்கு அனுப்பத் துணிந்ததில் இந்தப் புத்தகத்துக்கும் பங்குண்டு.

சிக்கல் அதன் மறுபக்கத்தில் இருக்கிறது. எண்ணம் மாறினால் வாழ்வு மாறும் என்றால், வாழ்வு மாறாதவனுடைய எண்ணத்தில்தான் கோளாறு என்றாகிறது. இந்தத் தீர்ப்பை நூல் நேரடியாகச் சொல்வதில்லை. வாசகன் தானே எழுதிக்கொள்கிறான். நான் எழுதினேன், இன்னொருவனைப் பற்றி.

2009இல் நிறுவனம் தந்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சத்வாவில் ஆறு பேர் இருந்த ஓர் அறையில் பெட் ஸ்பேஸ் எடுத்தேன். 2008இல் அறிவிக்கப்பட்ட ஜுமைரா கார்டன் சிட்டி திட்டத்துக்காக அங்கே பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டிருந்தன. பொருளாதார நெருக்கடியில் திட்டமும் முடங்கியது. இடிபடாமல் மிஞ்சிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஷேக் சாயித் சாலையின் கோபுரங்கள் ஒரு பக்கம், தையல் கடைகள் மறுபக்கம். அறையில் மூத்தவர் ஒரு தையல்காரர், கீழக்கரைக்காரர். எல்லோரும் ‘காக்கா’ என்றுதான் அழைப்போம். மெஸ் கணக்கை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவந்தார். இரண்டாம் மாதம் என்னிடம் காசில்லை. “மெஸ் காச பொறவு பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல சாப்புடு” என்றார். நோட்டில் என் பெயருக்கு எதிரே ‘பிறகு’ என்று எழுதினார். விசா மாற்றுவதற்காக நான் கிஷ் தீவுக்குப் போய்வந்த செலவும் அவர் தந்ததுதான்.

அதே அறையில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிளம்பர் ஒருவன் இருந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனியும் அப்போதுதான் மூடியிருந்தது. என்னிடமிருந்து ‘எண்ணங்கள்’ வாங்கி இரண்டு முறை படித்தான். வரிகளைத் தனி நோட்டில் எழுதிவைத்தான். நான்கு மணிக்கு எழுந்து அல் கூஸ் வரை போய் வேலை கேட்டு வருவான். என்னைவிட அந்தப் புத்தகத்துக்கு உண்மையாக நடந்தவன் அவன். ஆனால் ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் அவன் ஊரில் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டே மாதத்தில் ஊருக்குத் திரும்பினான். “அவனுக்கு மனசுல தெம்பு பத்தாது” என்று அறையில் சொன்னவன் நான். காக்கா பதில் பேசவில்லை.

‘ஆடுஜீவித’த்தை இந்த நினைவோடுதான் மறுபடி வாசித்தேன். 2008இல் மலையாளத்தில் வெளிவந்து, தமிழுக்கும் வந்து, 2024இல் பிளெஸ்ஸியின் இயக்கத்தில் திரைப்படமும் ஆன நாவல். ரியாத் விமான நிலையத்திலிருந்து ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுபோகப்பட்ட நஜீப் மூன்றாண்டுகளுக்கு மேல் அடிமையாகக் கிடந்து தப்புகிறான். இதை ‘தளராத மனிதனின் வெற்றி’ என்று பேசும் வாசகர்கள் நிறைய. ஆனால் நாவலின் கட்டுமானம் அப்படிச் சொல்லவில்லை. பாலையில் வழிநடத்தியவன் இப்ராகிம் காதிரி. சாலையில் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டவர் முகம் தெரியாத ஓர் அரபி. நகரத்தில் கிடத்திச் சோறு போட்டவர் குஞ்ஞிக்கா. நஜீபைப் போலவே நம்பிக்கையோடு நடந்த ஹக்கீம் வழியிலேயே இறந்துபோகிறான். ஹக்கீமின் உறுதி குறைவு என்று எந்த வாசகனாவது சொல்வானா? நாவலில் சொல்லக் கூசுவதை நான் என் அறையில் கூசாமல் சொன்னேன்.

தன்னம்பிக்கைச் சுவரொட்டிகளுக்கு வள்ளுவர்தான் நிரந்தர எழுத்தாளர். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று 60 முதல் 63 வரையான நான்கு அதிகாரங்களும் பொருட்பாலில் அரசியலின் கடைசியில் வருகின்றன. எல்லோருக்கும் பொருந்தும் என்று படிப்பதில் தவறில்லை. ஆனால் அவை அமைந்த இடத்தில், சோர்வில்லாமல் இருப்பது முதலில் ஆள்பவனின் கடமை. உடனே 64ஆம் அதிகாரத்தில் அமைச்சு தொடங்குகிறது. அரசனே ஆனாலும் தனியாக முயல விடப்படுவதில்லை. ஒன்றுமில்லாதவனிடம் வரும்போது வள்ளுவரின் குரல் மாறுகிறது. நல்குரவு அதிகாரம் வறியவனை முயன்று பார் என்று அதட்டுவதில்லை. இரவச்சத்தில், 1062ஆம் குறளில், அவருடைய கோபம் உலகைப் படைத்தவன்மீதே திரும்புகிறது. 619ஐயும் 621ஐயும் எத்தனையோ வரவேற்பறைகளில் பார்த்திருக்கிறேன். 1062ஐ எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

உதயமூர்த்தியை மறுக்க நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அவருடைய வாழ்க்கையே போதும். அமெரிக்க வசதியை விட்டு ஊர் திரும்பியவர் புத்தகம் எழுதுவதோடு நிற்கவில்லை. மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். 1988இல் பாலசந்தர் எடுத்த ‘உன்னால் முடியும் தம்பி’யில் அவர் பெயரையே தாங்கிய நாயகனும் ஓர் ஊரைச் சேர்த்துக்கொண்டுதான் குடியை எதிர்க்கிறான். எண்ணம் மட்டும் போதும் என்றால் இயக்கம் எதற்கு? தன் நூலில் இருந்த இடைவெளியைத் தன் செயலால் நிரப்பியவர் என்று அவரை இப்போது வாசிக்கிறேன். அவரைப் பின்பற்றி எழுதியவர்கள் நூலை எடுத்துக்கொண்டார்கள், இயக்கத்தை விட்டுவிட்டார்கள்.

மனவுறுதி பொய் என்று நான் சொல்லவில்லை. விடிகாலையில் எழுந்து படித்தது நான்தான். ஆனால் அப்படிப் படிக்கப் பசியில்லாத வயிறு வேண்டியிருந்தது. அதைத் தந்தவர் பெயர் கதையில் வராவிட்டால் கதை பாதிதான். கேட்கும் இளைஞனுக்கும் அது தீங்கு செய்கிறது. நாளை அவன் விழும்போது யாரிடமும் கை நீட்டக்கூடாது என்று நினைத்துக்கொள்வான்.

வேலை கிடைத்ததும் காக்காவின் கணக்கைத் தீர்த்தேன். அன்று அந்த நோட்டைப் புரட்டியபோது பிளம்பரின் பெயர் கண்ணில் பட்டது. அவன் போய் இரண்டு மாதமாகியிருந்தது. காக்கா அதை அடிக்கவில்லை. அவன் பெயருக்கு எதிரேயும் ‘பிறகு’ என்றுதான் இருந்தது.