ஜாஸ் கேட்கக் காதைக் கீழே இறக்குங்கள்

தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம். அங்கே பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாக ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போன ராசையா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்து ஹார்மனியை முறையாகப் படித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. ராசையா இளையராஜா ஆனார். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது மேற்கத்திய செவ்வியல் இசை. ஜாஸ் நிற்பதும் அந்த ஹார்மனியின் மேல்தான்.

“ஜாஸ் ஒண்ணும் புரியலை” என்பவர்கள் பெரும்பாலும் மேலே பறக்கும் சாக்ஸபோனைத் துரத்துகிறார்கள். அதை விடுங்கள். கீழே நடக்கும் பேஸைப் பிடியுங்கள். ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலில் குரலை ஒதுக்கிவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் கேட்டுப் பழகலாம்.

ஜாஸில் கேட்கும் மனோதர்மம், அதாவது அப்போதே கற்பனை செய்து வாசிப்பது, நமக்குப் புதிதல்ல. நிரவலும் கல்பனாஸ்வரமும் கேட்ட காது இது. ஆனால் நம் கச்சேரியில் தம்புராவின் சட்ஜம் கடைசிவரை அசையாது. ஜாஸில் அடித்தளமே நகர்ந்துகொண்டிருக்கும். ஆர்மோனியம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். சங்கராபரண ஸ்வரங்கள் போதும். வலது கை காந்தாரத்தை விடாமல் பிடிக்கட்டும். இடது கையில் முதலில் ஸ-க-ப. காந்தாரம் நிம்மதியாக உட்காரும். அடுத்து த-ஸ-க, அதே காந்தாரத்தில் சோகம் ஏறும். பிறகு ம-த-ஸ, இப்போது அது எங்கோ போகத் துடிக்கும். ஸ்வரம் மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. ஹார்மனி என்பது இவ்வளவுதான், இவ்வளவு பெரியதும்கூட.

இப்படிச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுதான் கார்டு. ஜாஸ் வகுப்பில் மாணவர் கை பழகும் முதல் கார்டு வரிசைகளில் ஒன்று ‘இரண்டு-ஐந்து-ஒன்று’. நம் கணக்கில் ரி-ம-த-ஸ, ப-நி-ரி-ம, ஸ-க-ப-நி. முதலில் ரி, ப, ஸ என்று அடிஸ்வரங்களை வாயால் பாட வேண்டும். அடுத்து உள்ளே ஓடும் இழைகள்: முதல் கார்டின் ஸ இரண்டாவதில் நி-க்கு இறங்குகிறது; இரண்டாவதின் ம மூன்றாவதில் க-வுக்கு இறங்குகிறது. இரண்டுமே அரை ஸ்வர இறக்கம். அந்த ஸ்வரங்களை மட்டும் வைத்து, தாளத்தை மாற்றி மாற்றி வாசிப்பது கற்பனையின் முதல் பாடம். கூடவே, பெரியவர்களின் சோலோவைத் தாளில் பார்க்காமல் காதால் கேட்டு அப்படியே பாடப் பழகுவார்கள். நம் குருகுலத்துக்கு இது தெரிந்த வழிதான்.

கேட்கத் தொடங்க ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’ (1959) மிகப் பொருத்தம். அதன் அடிப்படை ஸ்வரங்கள் நம் கரகரப்பிரியாவுடையவை. 16 பார் (ஆவர்த்தனம் போன்ற தாள அளவு) அதிலேயே இருக்கும். அடுத்த 8 பார் அரை ஸ்வரம் மேலே ஏறும். கடைசி 8 பார் பழைய இடத்துக்கு இறங்கும். இந்த 32 பார் வட்டமே திரும்பத் திரும்ப வரும். முகப்பு முடிந்ததும் மெட்டைச் சொல்வதே பேஸ்தான். முதல் முறை அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டும் கண்டுபிடியுங்கள். அடுத்த முறை டேவிஸின் ட்ரம்பெட் அங்கே என்ன செய்கிறது, பின்னால் வரும் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒருவர் இடைவெளி விடுகிறார். மற்றவர் நிரப்பித் தள்ளுகிறார்.

போடி, தேவாரம் பக்கம் கீபோர்டும் ஆர்மோனியமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சினிமாப் பாட்டு நோட்ஸோடு அந்த ‘இரண்டு-ஐந்து-ஒன்று’ கார்டுகள் மூன்றையும் பிள்ளைகளைப் பாட வையுங்கள்.