தொடரும் பெட்டியும்

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை கோலோச்சிய காலத்தில், வந்த அத்தியாயத்தை வந்த வாரமே கத்தரித்து எடுத்துப் பத்திரப்படுத்தி, கதை முற்றுப்பெற்றதும் பைண்டரிடம் கொடுத்து, துணி முதுகும் கெட்டி அட்டையும் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பல வீடுகளுக்குள் அப்படித்தான் புத்தகமாகப் பிரவேசித்தது. அந்த வாசகர் கதைக்குரிய விலையை வாரந்தோறும் கொடுத்து முடித்திருந்தார். பைண்டரிடம் அவர் கொடுத்தது தையலுக்கும் அட்டைக்குமான கூலி. அதற்குப் பிரதியாக அவருக்குக் கிடைத்தவை மூன்று: சிதறிக் கிடந்தது கிரமமாயிற்று, வாரத்தோடு மறைய வேண்டியது நிலைத்தது, காத்திருந்து படித்தது, வேண்டியபோது எடுத்துப் படிக்கக் கூடியதாயிற்று.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தொலைக்காட்சித் தொடர்களைக் கேசட்டாகவும் டிவிடியாகவும் கட்டி, வீட்டில் வைத்துப் பார்ப்போருக்கு விலை வைத்து விற்ற வியாபாரத்தைப் பரிசீலிக்கும்போது, இந்தப் பைண்டு புத்தகத்தை அளவுகோலாகக் கையில் வைத்துக்கொள்வது பிரயோஜனமானது. விளம்பரங்களைச் சகித்துக்கொண்டோ, மாதச் சந்தா கட்டியோ ஒரு தடவை பார்த்துவிட்ட தொடரை மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார்? கிரமம், நிலைபேறு, சௌகரியம் என்ற அந்த மூன்றுக்காகத்தான். ஆகவே பெட்டியின் அழகையும் விலைச்சீட்டையும் மட்டும் பார்த்து இவ்வியாபாரத்தைப் புகழ்வதோ இகழ்வதோ நியாயமாகாது. படைப்பு எந்த அலகில் உருவாயிற்றோ அந்த அலகிலேயே, உருவானபடியே, அது வாங்குகிறவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதே சரியான சோதனை.

வீடியோ கேசட் ஆண்ட காலத்தில் இந்தச் சோதனையில் தேறுவது எளிதாக இருக்கவில்லை. 1976ல் ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். கேசட், நல்ல தரத்தில் பதிவு செய்தால் சாதாரணமாக இரண்டு மணி நேரம் ஓடும். விளம்பரம் நீங்கலாக முக்கால் மணி நேரம் ஓடும் அமெரிக்க நாடகத் தொடரில் ஓர் ஆண்டுக்கு, அதாவது ஒரு ‘சீசனு’க்கு, 24 அத்தியாயங்கள் என்று வைத்துக்கொண்டால், கேசட்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு கேசட்டுகள் ஆகும், பெட்டியோடு சேர்த்து அவை அலமாரியில் ஓர் அடி நீளத்தை அடைத்துக்கொள்ளும். ஏழு ஆண்டுகள் ஓடிய தொடருக்கு ஏழு அடி இடத்தை ஒதுக்கச் சம்மதிக்கும் கடைக்காரரும் அரிது, குடும்பத் தலைவியும் அரிது. எனவே விற்பவர்கள் புகழ்பெற்ற அத்தியாயங்களை மட்டும் பொறுக்கி எடுத்து விற்றார்கள். பொறுக்கியது அவர்கள் ரசனை, விடுபட்டது வாங்குகிறவரின் நஷ்டம்.

இங்கிலாந்தில் ‘டாக்டர் ஹூ’ தொடரிலிருந்து முதலாவதாக 1983ல் ஒரு கதையைக் கேசட்டாக வெளியிட்டபோது, நான்கு அத்தியாயங்களாக ஒளிபரப்பான அதை ஒரே நீண்ட படமாக ஒட்டவைத்து, 39 பவுன் 95 பென்ஸ் என்று விலையும் வைத்தார்கள். அத்தியாயத்தின் கடைசி நிமிஷத்தில் கதாநாயகன் ஆபத்தின் விளிம்பில் நிற்க, அடுத்த வாரம்வரை பார்ப்பவர் நெஞ்சு படபடக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட கதையிலிருந்து அந்த விளிம்பை அப்புறப்படுத்திவிட்டால், எஞ்சுவதில் சம்பவங்கள் இருக்கும், தாளம் இருக்காது. பிற்காலத்தில் அத்தொடரை அத்தியாயப் பிரிவுகள் கெடாமல், ஆனால் கதை ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்றார்கள்; அது பொருத்தமாகவே அமைந்தது. ஏனெனில் அங்கே படைப்பின் அலகு சீசன் அன்று; நான்கைந்து அத்தியாயங்களில் தொடங்கி முடியும் தனிக்கதைதான்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. இரண்டு அடுக்குள்ள தட்டு ஒன்றில் எட்டரை ஜிகாபைட் அளவு கொள்ளும். முக்கால் மணி நேர அத்தியாயங்கள் நான்கு அதில் சௌகரியமாக அடங்கும். ஒரு சீசன் முழுவதையும் ஒரு பெரிய புத்தகத்தின் கனத்துக்குள் அடக்கிவிடலாம் என்பது இதனால் சாத்தியமாயிற்று. ஆயினும் சாத்தியமானது உடனே சம்பிரதாயமாகிவிடவில்லை. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரைப் பாரமவுண்ட் நிறுவனம் 1999க்கும் 2001க்கும் இடையில் தட்டுக்கு இரண்டு கதையாக 40 தனித் தட்டுகளில் விற்றது. தட்டு ஏறக்குறைய 20 டாலர் வீதம், முழுத் தொடரையும் விரும்பிய ரசிகருக்கு 800 டாலர் வரை செலவாயிற்று. கேசட்டின் பழக்கம் அதன் நிர்ப்பந்தம் மறைந்த பின்பும் உயிரோடிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அதே தொடர் 2004ல் மூன்று சீசன்களும் மூன்று பெட்டிகளாக மறுபடி வந்தபோது, நாற்பதையும் சேகரித்து வைத்திருந்தவர்கள் மனத்தில் என்ன எண்ணம் ஓடியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

வழியைத் திருப்பிய பெட்டிகளுள் முக்கியமானது 2000ல் வெளிவந்த ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ முதல் சீசன். ஏழு தட்டுகள், 24 அத்தியாயங்கள், குறித்த விலை 149 டாலர் 98 சென்ட்; கணக்குப் பார்த்தால் அத்தியாயத்துக்கு ஆறேகால் டாலர். அதே ஆண்டு இறுதியில் எச்.பி.ஓ. நிறுவனம் ‘தி சோப்ரனோஸ்’ தொடரின் 13 அத்தியாயங்களைக் கொண்ட முதல் சீசனை 99 டாலர் 98 சென்டுக்கு விற்றது. அங்கே அத்தியாயம் ஏழே முக்கால் டாலரை நெருங்கியது. விலை சாமானியமன்று. எனினும் ஜனங்கள் வாங்கினார்கள். வாங்கியதோடு, தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய பொது அபிப்பிராயமே இதனால் மாறலாயிற்று. வாரம் ஒன்றாகப் பார்த்தபோது பொழுதுபோக்காகத் தோன்றியது, பதின்மூன்று அத்தியாயங்களை ஒரு வாரத்துக்குள் வரிசையாகப் பார்த்தபோது, தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஒரு நாவலாகத் தோன்றிற்று. முதல் அத்தியாயத்தில் விதைத்தது பன்னிரண்டாவதில் முளைப்பதைக் கவனிக்கும் ரசிகர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. பெட்டி செய்த முதல் நன்மை இது.

இரண்டாவது நன்மை பொருளாதாரத்தைச் சார்ந்தது. அமெரிக்காவில் தயாரிப்பு நிறுவனங்கள் தொலைக்காட்சி நிலையத்திடமிருந்து பெறும் தொகை தயாரிப்புச் செலவுக்குப் போதாமல் நஷ்டத்திலேயே தொடர்களை எடுத்து, 100 அத்தியாயங்கள் அளவுக்குச் சேர்ந்த பிறகு மறுஒளிபரப்பு உரிமையை ஊர் ஊராக விற்று அந்த நஷ்டத்தை ஈடுசெய்வது நெடுநாளைய வழக்கம். அற்பாயுளில் மாண்டுபோன தொடருக்கு அந்த வழி அடைபட்டது. அது யார் கண்ணுக்கும் படாமல் கிடங்கில் உறங்கும். பெட்டி இவற்றுக்குப் புனர்ஜன்மம் அளித்தது. ‘ஃபயர்ஃபிளை’ 2002ல் வரிசை மாற்றி ஒளிபரப்பப்பட்டு, எடுத்த 14 அத்தியாயங்களில் மூன்று வெளிவராமலே நிறுத்தப்பட்டது. 2003 இறுதியில் பதினான்கும் உரிய வரிசையில் டிவிடியாக வந்தபோதுதான் ரசிகர்கள் அதைப் படைத்தவர் நினைத்த கிரமத்தில் பார்த்தார்கள். அந்த வரவேற்பின் பலத்தில் 2005ல் ‘செரனிட்டி’ என்ற திரைப்படமே உண்டாயிற்று. 2002ல் நிறுத்தப்பட்ட ‘ஃபேமிலி கை’ அடுத்த ஆண்டு டிவிடியில் அமோகமாக விற்று, 2005ல் மீண்டும் ஒளிபரப்புக்கே திரும்பிவந்தது. நிலைய அதிகாரிகளின் தீர்ப்புக்கு மேல் ஒரு முறையீட்டு மன்றம் உண்டு, அதில் தீர்ப்பளிக்கிறவர் காசு கொடுத்து வாங்கும் ரசிகர் என்ற நிலைமை அதற்கு முன் இருந்ததில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். அதிக விலை என்பதுதான் முதலாவதாகச் சொல்லப்படும் புகார். நான் அதைப் பெரிய குறையாக எண்ணவில்லை. ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ பெட்டிகளே சில ஆண்டுகளுக்குப் பின் மெலிந்த உறையில், பழைய விலையில் பாதிக்கும் குறைவாக விற்கப்பட்டன. அவசரப்படுகிறவர் அதிகம் கொடுக்கிறார், பொறுத்திருப்பவர் குறைவாகக் கொடுக்கிறார். மாம்பழச் சந்தையிலும் இதுதான் நியதி. அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடத்தக்க விஷயம் இது. ஆனால் அதிக விலை வேறொரு விதத்தில் தீமை செய்தது: முதல் சீசனின் விலையைக் கண்டு ஜனங்கள் பின்வாங்கினால், விற்பனை மந்தம் என்று சொல்லி மற்றச் சீசன்கள் கிடப்பில் போடப்பட்டன. ‘தி மேரி டைலர் மூர் ஷோ’வின் முதல் சீசன் 2002லும், இரண்டாவது 2005லும் வந்தன, ஏழு சீசன்களும் வந்து முடிய 2010 ஆயிற்று. முதல் பாகத்தை விற்பவர் மற்றப் பாகங்களையும் தருவதாக மறைமுகமாக வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கை மறந்துவிட்டு, வாங்கியவர்களின் எண்ணிக்கையைக் காரணம் காட்டுவது தர்மமாகாது.

அலகைப் பிளப்பது இதைவிடக் கடுமையான குறை. ‘சோப்ரனோஸ்’ தொடரின் ஆறாவது சீசன் 21 அத்தியாயங்கள் கொண்டது; அது பன்னிரண்டும் ஒன்பதுமாகப் பிரிந்து இரண்டு பெட்டிகளில் வந்தது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் ஐந்தாவது சீசனின் 16 அத்தியாயங்கள் 2012லும் 2013லும் எட்டெட்டாக ஒளிபரப்பாகி, முதல் எட்டு ‘ஐந்தாவது சீசன்’ என்றும் அடுத்த எட்டு ‘இறுதி சீசன்’ என்றும் தனித்தனிச் சரக்குகளாக விற்கப்பட்டன. ஆப்பிள் நிறுவனத்தின் இணைய அங்காடியில் ஐந்தாவது சீசன் முழுவதற்கும் முன்பணம் கட்டியதாக நம்பியிருந்தவர்கள் பிந்தைய எட்டுக்கு மறுபடியும் விலை கேட்கப்பட்டதைக் கண்டு கொதித்தெழ, அந்நிறுவனம் 22 டாலர் 99 சென்டை அவர்கள் கணக்கில் வரவு வைத்துச் சமாதானம் செய்தது. ஒளிபரப்பிலேயே இடைவெளி இருந்தது என்பது விற்றவர்கள் தரப்பு வாதம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு ஒரு முழுமையான அர்த்தத்தை ரசிகர் மனத்தில் ஊன்றி, அந்த அர்த்தத்தின் பேரில் நூறு டாலர் வாங்கப் பழகியவர்கள், தங்களுக்குச் சௌகரியப்பட்டபோது அச்சொல்லை நெகிழ்த்திக்கொண்டது தராசுக்காரரே எடைக்கல்லை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் நுட்பமானதும், என் கருத்தில் மிகப் பெரியதுமான குறை சங்கீதத்தைப் பற்றியது. பழைய தொடர்களில் பிரபலமான பாட்டுகளைச் சேர்த்தபோது ஒளிபரப்புக்கு மட்டுமே உரிமை பெற்றிருந்தார்கள். வீட்டுக்கு வீடு விற்கும் நாள் வரும் என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் சொப்பனத்திலும் நினைக்கவில்லை. பெட்டி போடும் வேளையில் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக விலை பேச நேர்ந்தது. 1978 முதல் 1982 வரை ஓடிய ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ ஒரு வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் தொடர். அங்கே பாட்டு பின்னணி மட்டுமன்று, ஒரு பாத்திரமே. 2007ல் அதன் முதல் சீசன் டிவிடியாக வந்தபோது அசல் பாட்டுகள் பல நீக்கப்பட்டு, ஊர் பேர் தெரியாத இசை அவ்விடங்களில் ஒட்டப்பட்டிருந்தது. உறையின் மேல் தொடரின் பெயர் இருக்க, உள்ளே தொடர் இல்லை. இதற்கு மாறான உதாரணங்களும் உண்டு. ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரின் 18 அத்தியாயங்களை ஷவுட் ஃபேக்டரி என்ற நிறுவனம் 2004ல் அசல் பாட்டுகளோடேயே வெளியிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 2014ல், அந்த வானொலி நிலையத் தொடரையும் பெரும்பாலான பாட்டுகளை மீட்டு முழுமையாகக் கொண்டுவந்ததும் அந்நிறுவனந்தான். இத்தகைய பெட்டிக்குச் சில டாலர் அதிகம் கேட்டால் கொடுப்பதில் யாதொரு வருத்தமும் இல்லை. அந்த விலை அட்டைக்கோ அலங்காரத்துக்கோ போகாமல் படைப்பின் உடலுக்குப் போகிறது.

அலங்காரம் என்றதும் நினைவுக்கு வருவது, 2005ல் ‘தி சிம்சன்ஸ்’ ஆறாவது சீசன் ஹோமர் சிம்சனின் தலை வடிவத்தில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டியில் வந்த வேடிக்கை. முதல் ஐந்து சீசன்களும் அலமாரியில் வரிசையாக நிற்க, ஆறாவது மட்டும் அருகில் அடங்காமல் முழித்தது. ரசிகர்கள் முறையிட, வழக்கமான வடிவத்தில் ஓர் உறையையும் கிடைக்கச் செய்ய வேண்டியதாயிற்று. நூலை வாங்குகிறவர் பக்கத்து நூலோடு அது சேர்ந்து நிற்க வேண்டுமென்று விரும்புவார் என்ற எளிய உண்மை எந்தப் பைண்டருக்கும் தெரியும்.

ஜப்பானிய அனிமேஷன் வியாபாரம் இந்தக் குணதோஷங்களின் எல்லைக்கோடு. பின்னிரவில் ஒளிபரப்பாகும் 12 அல்லது 13 அத்தியாயத் தொடரை, தட்டுக்கு இரண்டாக, தட்டு 6,000 முதல் 7,000 யென் வரை விலை வைத்து விற்பது அங்கே வெகுநாள் வழக்கம். முழுத் தொடரும் வேண்டுமானால் 40,000 யென் அளவுக்கு ஆகிவிடும். தயாரிப்புச் செலவை மிகச் சிறிய அபிமானிகள் கூட்டத்திடமே மீட்க வேண்டியிருப்பதால் அந்த விலை. பொம்மை, படத்தொகுப்பு, நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுக் குலுக்கல் ஆகியவை அதற்குத் துணை. வாங்குகிறவரும் தாம் தட்டை வாங்குவதாக எண்ணாமல், தமக்குப் பிரியமான கலைக்குக் காணிக்கை செலுத்துவதாக எண்ணிக்கொள்கிறார். இது தெரிந்தே செய்யும் பேரம் என்பதால் இதை வஞ்சனை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் காணிக்கையை நம்பி நடக்கும் கடைக்குள் புதியவர் எட்டிப் பார்ப்பது துர்லபம்.

இப்போது காலம் மாறிவிட்டது. 1998ல் தபாலில் டிவிடி அனுப்பத் தொடங்கிய நெட்பிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தத் தொழிலை நிறுத்திக்கொண்டது. மாதச் சந்தா கட்டினால் இணையத்தில் ஆயிரம் தொடர்கள் என்ற ஏற்பாட்டின் முன் 149 டாலர் பெட்டி பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 2022 டிசம்பரில் எச்.பி.ஓ. மேக்ஸ் தன் சொந்தத் தொடரான ‘வெஸ்ட்வேர்ல்டை’யே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டபோது, அதன் நான்கு சீசன்களையும் தட்டாக வாங்கி வைத்திருந்தவர் வீட்டில் ஓர் அத்தியாயமும் குறையவில்லை. சந்தா சௌகரியத்தை விற்கிறது. கிரமத்தையும் ஓரளவு தருகிறது. நிலைபேற்றை அது விற்பதேயில்லை.

ஆகவே சீசனை அலகாகக் கொண்ட பெட்டியின் விலையைவிட, அதன் உள்ளடக்கத்தைப் பற்றியே நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. விலை இறங்கும், பொறுத்திருந்தால் எல்லார் கைக்கும் எட்டும். பிளந்து விற்ற சீசனையும், நடுவழியில் கைவிட்ட வரிசையையும், பாட்டு மாற்றிய காட்சியையும் எந்தத் தள்ளுபடியும் நேராக்காது. பைண்டு செய்த பழைய தொடர்கதைக்குள் தைலத்துக்கும் சோப்புக்கும் செய்த விளம்பரங்கள்கூட இருந்த இடத்திலேயே இருந்தன. பைண்டர் அட்டை கோணலாக ஒட்டியிருந்தாலும் வீட்டுக்காரர் மன்னித்துவிடுவார். ஓர் அத்தியாயம் விட்டுப் போயிருந்தால் மட்டும், அன்று சாயங்காலமே கடைக்குத் திரும்பிப் போவார்.