முகத்தை இழைக்கலாமா?

தச்சர் இழைப்புளியால் பலகையைச் சீவும்போது, சொரசொரப்பான மேற்பரப்பு சுருள் சுருளாகக் கழன்று, அடியிலிருந்து வழவழப்பான மரம் வெளிப்படுகிறது. இவ்வாறு இழைப்பதை ஆங்கிலத்தில் ‘பிளேனிங்’ என்பர். அத்துடன் தோலைக் குறிக்கும் ‘டெர்மா’ என்னும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து, ‘டெர்மாபிளேனிங்’ என்று ஓர் அழகுச் சிகிச்சைக்குப் பெயரிட்டுள்ளனர். ‘புதிய தோல் பிறக்கும்’, ‘கொலாஜன் பெருகும்’ என்று அழகு நிலையங்கள் இதை விளம்பரம் செய்கின்றன. மறுபுறம், ‘முகத்தில் கத்தி பட்டால் பெண்களுக்கும் மீசை தாடி முளைத்துவிடும்’ என்ற அச்சமும் மக்களிடையே இருக்கிறது. இந்த நம்பிக்கை சரியா, அந்த அச்சம் சரியா? இரண்டுமே சரியல்ல. இரண்டும் தவறாவதற்குக் காரணம் ஒன்றே. அதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடைக்கின்றனர். பிறகு, அறுவை மருத்துவர் பயன்படுத்தும் கூரிய கத்தி போன்ற ஒன்றை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் பிடித்து, தோலை விரலால் இழுத்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுரண்டுகின்றனர். இறந்த செல்களும் பூனைமயிரும் வெண்மையான துகளாகத் திரண்டு வருகின்றன. செய்முறை இவ்வளவுதான்.

கத்தி எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதே முக்கியமான கேள்வி. மேல்தோலின் உச்சியில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டுள்ளன. நாம் எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இவ்வடுக்கின் கனமோ 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான்! கத்தி சீவுவது இதன் மேற்பகுதியை மட்டுமே. புதிய செல்கள் பிறப்பது மேல்தோலின் அடிவரிசையில். அவை மேலேறி உதிர ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. கொலாஜன் இருப்பதோ அதற்கும் கீழே, அடித்தோலில். இரத்தக் குழாய்கள் இருப்பதும் அங்கேதான். ஆகவே இரத்தம் வராமல் சீவினால் கத்தி அடித்தோலை எட்டவில்லை என்று பொருள். இரத்தம் வந்துவிட்டால் அது அழகுக்கலை அன்று, காயம்.

இங்கே பெயரும் ஒரு குழப்பத்தை விளைவிக்கிறது. தழும்புகளைச் சமன்செய்ய, பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் ‘டெர்மடோம்’ என்னும் கருவியால் தோலைச் சீவுவதற்கும் இதே பெயர் உண்டு. அது ஆழமான அறுவைச் சிகிச்சை. அதன் பலனை, மேலோட்டமான இந்தச் சுரண்டலுக்குச் சொல்வது பொருந்தாது.

இனி மயிரைப் பற்றிய அச்சம். மயிரின் உயிருள்ள பகுதி மயிர்க்காலின் அடியில் இருக்கிறது. வெளியே தெரிவது உயிரற்ற இழை. அதை வெட்டிய செய்தி வேருக்குத் தெரியாது. 1928ஆம் ஆண்டிலேயே, சவரத்தால் மயிரின் வளர்ச்சி மாறுவதில்லை என்று அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் வெளியிட்டார். 1970இல் லின்ஃபீல்டு, மக்வில்லியம்ஸ் என்னும் இருவர், ஐந்து இளைஞர்களின் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் சவரம் செய்து, மறுகாலோடு ஒப்பிட்டனர். மயிரின் எடையிலோ தடிமனிலோ வளர்ச்சி வேகத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே, அவர்களும் ஆண்களே. ஆயினும் மயிர்க்காலின் அமைப்பு எங்கும் ஒன்றுதான். கூரிய நுனி போய் மொட்டை நுனி முளைப்பதால் தடித்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே.

அப்படியானால் முகம் பளபளப்பது பொய்யா? பொய்யன்று. தூசி படிந்த மேசை ஒளியைச் சிதறடிக்கிறது. துடைத்த மேசை ஒரே திசையில் திருப்புகிறது. முகத்திலும் நிகழ்வது இதுவே. செல்களும் மயிரும் மீண்டும் சேரும்போது பளபளப்பு மறையும். பூசும் களிம்பு நன்றாக உள்ளே செல்லும் என்பதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாசலைத் திறந்தால் விருந்தினர் மட்டுமா வருவர்? எரிச்சலூட்டும் பொருள்களும் எளிதில் நுழையும். நீரைக் காத்து, கிருமியைத் தடுக்கும் வேலியே அந்த இறந்த செல்கள். அவை வெறும் குப்பையல்ல.

பழுத்த முகப்பரு, மரு, உதட்டில் ஹெர்ப்பிஸ் கொப்புளம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கத்தி தொற்றைப் பரப்பும். மெலனின் மிகுந்த மாநிறத் தோலில் சிறு புண்கூட ஆறிய பின் கரும்புள்ளியை விட்டுச்செல்வதுண்டு. ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்தவே கூடாது. இரத்தத்தின் வழியே கல்லீரல் அழற்சிக் கிருமிகள் பரவும் அபாயம் உண்டு.

இன்னொன்று. பூனைமயிர் நோயன்று, எல்லாப் பெண்களின் முகத்திலும் இருப்பது. அதற்காக நாணவேண்டியதில்லை. ஆனால் தாடையிலும் மேலுதட்டிலும் கருத்துத் தடித்த மயிர் முளைத்து, மாதவிலக்கும் ஒழுங்கு தவறினால், அது சினைப்பை நீர்க்கட்டி போன்ற ஹார்மோன் கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது செல்லவேண்டிய இடம் மருத்துவமனை. அழகு நிலையத்தில் மாதந்தோறும் அதைச் சீவிவிடுவது, அறிகுறியை அழித்து நோயை வளர விடுவதாகும்.

தேர்ந்த கையும் புதிய கத்தியும் இருந்தால் டெர்மாபிளேனிங் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாது. ஆனால் அது தோலைப் புதுப்பிக்கும் சிகிச்சையன்று. கவனமாகச் செய்யப்படும் சவரம். சவரத்துக்கு உரிய விலையைக் கொடுக்கலாம். புதுத்தோலுக்கு உரிய விலையைக் கொடுப்பானேன்?