பொறியிசையும் செவிப்பொறியும்

‘பொறி’ என்னும் சொல் தமிழில் இயந்திரத்தையும் குறிக்கும். செவி முதலிய ஐம்பொறிகளையும் குறிக்கும். இயந்திரம் எழுப்பும் இசையை எடைபோடப் புகுவோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். பொறியிற் பிறந்தது என்பதற்காகவே ஓர் இசையைத் தள்ளுவதும், புதுமை என்பதற்காகவே அதனைப் போற்றுவதும் செவிக்கு வேலை கொடாமல் தீர்ப்புரைப்பதாகும். முதலிற் புறக்கணிப்புக்கும், பின்னர் அளவு தவறிய புகழ்ச்சிக்கும் ஆளான இசைத்தட்டு ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் கித்தாரும் விசைப்பலகைக் கருவிகளும் வாசித்து வாழ்ந்தவர் சரண்ஜித் சிங். பிறர் பாட்டுக்குப் பின்னின்று உழைத்த கலைஞர் அவர். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் அவர் ஈடுபாடு கொண்டார். அவற்றுள் டிபி-303 என்னும் கீழ்க்குரற் கருவி விற்பனைக்கு வந்த சிறிது காலத்திற்குள்ளேயே அது அவர் கண்ணில் பட்டது சிங்கப்பூரில். அதனோடு டிஆர்-808 என்னும் தாளப் பொறியையும், ஜூப்பிட்டர்-8 என்னும் விசைப்பலகையையும் சேர்த்து, 1982-ல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பது அதன் பெயர். தபேலாவை நீக்கி, டிஸ்கோத் தாளத்தின்மேல் பத்து வட இந்திய இராகங்களை வாசிப்பது என்பதே அவர் மேற்கொண்ட சோதனை.

தட்டு விலைபோகவில்லை. ஏறத்தாழ 28 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2010-ல் நெதர்லாந்து வெளியீட்டாளர் ஒருவர் அதனை மறுபதிப்புச் செய்தபின் மேலைநாட்டார் வியந்தனர். அதே டிபி-303 கருவியைக் கொண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தார் 1987-ல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசை வகை பரவியது. அவ்வொலியை ஐந்தாண்டு முன்னரே ஓர் இந்தியர் எழுப்பியிருந்தார் என்பதே வியப்புக்குக் காரணம். இது பிற்காலத்தார் புனைந்த போலியோ என்று ஐயுற்றவரும் உளர். சரண்ஜித் சிங் முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துப் புகழ்பெற்று, 2015-ல் மறைந்தார்.

இப்புகழ்ச்சி அவர்க்கு உரியதே. ஆயினும் அதன் அளவுகோல் பிழையானது. சிக்காகோ இளைஞர் இத்தட்டைக் கேட்டுக் கற்றனர் என்பதற்குச் சான்று இல்லை. பின்னர்ப் பிறந்த ஒன்றுக்கு முன்னோடி என்று மட்டும் ஒரு படைப்பை மதிப்பது, அப்படைப்பு தன்னளவில் என்ன செய்தது என்று கேளாமல் விடுவதாகும். ஆசிரியர் தம் தட்டுக்கு இட்ட பெயரில் முன் நிற்பவை பத்து இராகங்கள். எனவே இராகத்தைக் கொண்டே அதனை அளத்தல் முறை.

அங்ஙனம் கேட்கப் புகும் தமிழர்க்குப் பெயர்கள் சற்றே இடர் தரும். வடக்கில் பைரவி எனப்படுவதன் சுர வரிசை தெற்கில் தோடி. வடக்கின் தோடியோ இங்குச் சுபபந்துவராளி. யமன் கல்யாணியோடும், மால்கௌன்ஸ் இந்தோளத்தோடும், கலாவதி வலசியோடும், பைராகி ரேவதியோடும் ஒத்தன. பூபாலி நம் மோகனம். அதுவே பழந்தமிழரின் முல்லைப்பண் என்பது இசைத்தமிழ் ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. ஆகவே இத்தட்டு அயலார் பொருள் அன்று. முதற்பகுதியில் பொறியின் குரலே திருவைந்தெழுத்தை ஓதக் கேட்கும்போது இவ்வுறவு மேலும் புலப்படும்.

இத்தட்டின் வெற்றி யாது? டிபி-303 கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் அமைப்பு ஒன்று உண்டு. தனியே பயிலும் கித்தார்க் கலைஞர்க்குத் துணையாகவே அக்கருவி செய்யப்பட்டது. அவ்வழுக்கலில் வடநாட்டு இசையின் ‘மீண்ட்’ என்னும் இழைவின் சாயலைக் கண்டதே சரண்ஜித் சிங்கின் நுண்மை. பேராக்கில் வாழும் தமிழர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் தைப்பூசத்தில் உறுமி கேட்டவர், வளைந்த குச்சி தோலை உரசும்போது ஒலி கீழிருந்து மேலெழுந்து இழைவதை அறிவர். அடிக்கும் ஒலியன்று அது; இழையும் ஒலி. பொறியின் கீழ்க்குரலிலும் அவ்வியல்பே கேட்கிறது. ஐந்து சுரமே கொண்ட பூபாலி, மால்கௌன்ஸ் போன்றவற்றில் இது நன்கு பொருந்தி, இராகத்தின் முகம் தெளிவாகத் தோன்றுகிறது.

குறையும் உண்டு. வடநாட்டுத் தோடியின் காந்தாரம் வழக்கமான இடத்தினும் சற்றே தாழ்ந்து நிற்பது. அந்நுண்மையே அவ்விராகத்தின் உயிர். பன்னிரு சமப் பங்காக வகுக்கப்பட்ட விசைப்பலகை அதனைப் பிடித்தல் அரிது. மேலும் விடியற்குரிய லலித்தும், மழைக்குரிய மேக் மல்ஹாரும், மாலைக்குரிய யமனும் ஒரே தாள நடையில் ஓடுகின்றன. இராகம் மெல்ல மலர்வதற்குரிய ஆலாபனைக்கு இடமில்லை. எலும்பு அனைத்தும் உண்டு; மூச்சு விடுதற்குத்தான் நேரமில்லை.

ஆயினும் இக்குறை கொண்டு பொறியையே பழித்தல் தகாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. சுருதி நுண்மைக்கு அக்கருவி ஒவ்வாது என்பதே அன்றும் கூறப்பட்ட காரணம். அவ்வார்மோனியத்தோடுதான் தோட்டப்புறக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகப் பசனை நடந்தது. கருவியின் குறையைப் பாடுவோரின் குரலும், கேட்போரின் செவிப் பழக்கமும் ஈடுசெய்தன.

இன்றைய மாணவர் கேட்கும் பாட்டில் பெரும்பகுதி பொறியிசையே. அதனை இரைச்சல் என்று ஒதுக்கும் ஆசிரியர் மாணவரையும் ஒதுக்கியவராவார். அதற்கு மாறாகப் பூபாலிப் பகுதியை வகுப்பில் ஒருமுறை ஒலிக்கச் செய்து, ‘இதில் மோகனம் எங்கே வருகிறது?’ என்று வினவலாம். சரண்ஜித் சிங்கின் தட்டு 28 ஆண்டு உறங்கியதற்குப் பொறி காரணமன்று. இராகம் அறிந்தவர் அதற்குச் செவி கொடாமையே காரணம். அயலார் எடுத்துக் காட்டும் வரை நம் வீட்டுப் பொருளை நாம் அறியாதிருக்கும் நிலை இனியேனும் நீங்குதல் வேண்டும்.